இல்லாத நாற்பத்தொரு வீடுகள்

எங்கள் ஆபீஸிலிருந்து ஒருத்தி பி.எச்டி. ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறாள். இதை இந்தக் கட்டடத்தில் யாரிடமும் சொல்லாமல் நான் விடவில்லை. கீழே பாத்திரக்கடை முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது. லிஃப்ட் பழுது பார்க்க வந்தவரிடம் சொன்னேன். பாண்டி பஜாரில் எனக்கு ஊக்கு விற்ற அம்மாவிடம்கூடச் சொன்னேன். அந்த அம்மா சந்தோஷப்பட்டு, உங்க பொண்ணா என்று கேட்டார். எனக்கு வயது முப்பத்தெட்டு, அவளுக்கு முப்பத்திரண்டு. ஊக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவள் பெயர் அன்புக்கரசி. என் பெயர் ஆஃப்ரீன். தி. நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். வானத்திலிருந்து சாட்டிலைட் எடுத்த படங்கள் எங்களிடம் வரும். படத்தில் தெரிகிற ஒவ்வொன்றையும் சுற்றி மவுஸால் கோடு போட்டு மூடி, இது வீடு, இது மரம், இது தண்ணீர், இது தரிசு என்று பெயர் வைக்க வேண்டும். அப்படி மூடிய கோட்டைக் கட்டம் என்போம். ஒரு படத்தில் ஐயாயிரம் கட்டம்கூட இருக்கும். கண் பூத்துப்போகும் வேலை. பதினான்கு பேர் கோடு போடுவார்கள், நான் அதைச் சரிபார்ப்பேன். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. பன்னிரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். ஆபீஸ் முதலாளி மெஹபூப் அலி பாய்கூட என் மேஜைப் பக்கம் வரும்போது கனைத்துவிட்டுத்தான் வருவார்.

அன்புக்கரசி 2018-இல் வந்து சேர்ந்தாள். புவியியலில் பட்டம். அதற்கு முன் நான்கு வருடம் ஒரு துணிக்கடையில் பில் போட்டிருந்தாள். வீடு பெரும்பாக்கத்தில், ஆற்றோரத்திலிருந்து ஆட்களைக் கொண்டுபோய்க் குடிவைத்தார்களே, அந்த எட்டு மாடிக் கட்டடங்களில். அங்கிருந்து தி. நகருக்கு வர ஒன்றரை மணி நேரம், போக ஒன்றரை மணி நேரம், இரண்டு பஸ். அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்தே அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. படித்து முடித்தாள். முதல் வகுப்பு. நான் அந்த நேரத்தில் பஸ்ஸில் போனால் தூங்குவேன், இல்லையென்றால் கண்டக்டரோடு சண்டை போடுவேன்.

சேர்ந்து மூன்றாவது வாரம் அவள் யாரென்று எனக்குத் தெரிந்தது. மழைக்காலத்துப் படம் ஒன்றை ஏற்கெனவே கம்ப்யூட்டரே பிரித்துக் கொடுத்திருந்தது. ஆற்றோரத்தில் சின்னச் சின்னதாக நாற்பது ஐம்பது குட்டை இருப்பதாகச் சொன்னது அது. எல்லோரும் அதையே ஒப்புக்கொண்டு அனுப்பினார்கள். நானும் பச்சை போடப் போனேன். அன்புக்கரசி எழுந்து வந்து, "அது தண்ணி இல்லக்கா, தார்ப்பா" என்றாள். மழைக்கு ஓட்டின் மேலும் தகரத்தின் மேலும் நீலத் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருப்பார்கள், ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது அந்தக் கல் என்று காட்டினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். கல்தான். நாங்கள் ஐம்பது குடும்பங்களைக் குட்டை என்று எழுதி அனுப்ப இருந்தோம். அன்றிலிருந்து அவள் போட்ட கட்டங்களை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அவற்றில் தப்பு இருக்காது, பார்க்கச் சுகமாக இருக்கும்.

அப்படிப்பட்டவள் 2019 ஏப்ரலில் ஒரு காரியம் செய்தாள். அடையாற்றங்கரைப் படம், கோட்டூர்புரம் பாலத்துக்குப் பக்கம், முந்தின வருடம் எடுத்தது. கரையில் ஓரிடம் முழுக்க வெறும் மண். ஒரு மரம், ஒரு மின்கம்பம், ஓர் ஓரத்தில் இடிந்த மதில், அவ்வளவுதான். அந்த வெறும் மண்ணின் மேல் அவள் நாற்பத்தொரு வீடு போட்டு அனுப்பியிருந்தாள். சந்து விட்டு, திருப்பம் விட்டு, வரிசை வரிசையாக. படத்தில் ஒரு செங்கல்கூட இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. யாரோ ஒருவருடைய பழைய வேலையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிட்டாள், சோம்பேறித்தனம், திருட்டு வேலை என்று முடிவு கட்டினேன். பதினான்கு பேர் முன்னால் எழுப்பி நிற்க வைத்துக் கேட்டேன். திருட்டு என்ற சொல்லையும் சொன்னேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "தப்புதாங்க்கா, மாத்திடறேன்" என்று மட்டும் சொன்னாள். நாற்பத்தொன்றுக்கும் சிவப்பு போட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில் "இல்லாத வீடுகள்" என்று எழுதினேன். பாயிடம் சொல்லி எச்சரிக்கைக் கடிதமும் கொடுக்க வைத்தேன். அவள் அன்று மாலையே அந்த இடத்தைத் தரிசு என்று திருத்திக் கொடுத்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கொரோனா அடங்கியிருந்த நேரம். வாடிக்கையாளர் ஒருவர், படத்தில் சொன்னதை நேரில் போய்ச் சரிபார்த்து வாருங்கள் என்று பத்து இடங்களைக் குறித்துக் கொடுத்தார். அதில் மூன்று அடையாற்றங்கரை. நானும் அன்புக்கரசியும் போனோம். நான் கையில் ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு வடக்கா தெற்கா என்று சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் கருவியைப் பார்க்கவே இல்லை. இடுப்பளவு வளர்ந்திருந்த செடிகளுக்குள் விறுவிறுவென்று நடந்தாள். நடுவில் நின்று, "படி கீது, பாத்து எறங்கு" என்றாள். குனிந்து செடியை விலக்கினேன். சிமெண்ட் படி, மூன்று. அந்தப் படி எந்தப் படத்திலும் தெரியாது.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். இது எங்க தெரு என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். இது தண்ணீர் பிடிக்கிற பைப்படி, இது ரேஷன் கார்டு எழுதிக் கொடுப்பவர் வீடு, இந்த மரத்தடியில்தான் கரண்ட் போனால் எல்லோரும் உட்காருவோம் என்று நடந்துகொண்டே காட்டினாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீர் வந்தது, 2017-இல் லாரி வந்தது, பெரும்பாக்கம் போனோம் என்றாள். எனக்கு அந்த நாற்பத்தொரு சிவப்பும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அங்கேயே அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஏண்டி அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "படத்துல வூடு இல்லியேக்கா. நீ போட்டது கரெக்ட்டு. பாத்துக்கினே இருந்தேன், கை போய்டுச்சு" என்றாள்.

எனக்கு மன்னிப்புக் கேட்க வராது. என்னைப் பெற்ற அம்மி எவ்வளவோ அடித்துப் பார்த்தும் வராத பழக்கம் அது. மறுநாள் வீட்டில் செய்த தம்ரூட் இனிப்பு ஒரு டப்பா கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்தேன். அவள் அதைத் தின்றாள். அதோடு நான் முடித்துக்கொண்டேன். முடியவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும்.

போன வருடம் அவள் கம்ப்யூட்டர் கெட்டுப்போய், கோப்புகளை வேறொன்றுக்கு மாற்ற உட்கார்ந்தேன். திரையில் ஒரு ஃபோல்டர். பெயர் "அப்புறம்". இது என்ன வேலையை இவள் அப்புறம் என்று தள்ளிவைத்திருக்கிறாள் என்று திறந்தேன். பதினேழு விளம்பரங்கள். எல்லாம் பி.எச்டி. ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டு வந்தவை, எல்லாம் எங்கள் துறையில், சாட்டிலைட் படத்தைக் கொண்டு சுற்றுச்சூழலை ஆராய்வதற்கு. டேராடூனில் ஒன்று, பெங்களூரில் மூன்று, ஃபின்லாந்தில் ஏரிகளுக்கு ஒன்று, நெதர்லாந்தில் சதுப்பு நிலத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் கடைசித் தேதிக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தாள். பதினாறு தேதிகள் போய்விட்டிருந்தன. ஒன்றுக்கும் அவள் விண்ணப்பம் போட்டிருக்கவில்லை.

கத்தினேன். தெருவில் பாத்திரம் வாங்க வந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவள் மெதுவாகச் சொன்னாள், எல்லாவற்றிலும் ஒரே கேள்வி கேட்கிறார்கள், உன் ஆராய்ச்சிக் கேள்வி என்ன, இரண்டு பக்கத்தில் எழுது என்று. உட்கார்ந்தால் வருவதில்லை. ஃபின்லாந்து ஏரியைப் பற்றி எனக்கு என்ன கேள்வி இருக்கும் என்றாள். அதுவும் நியாயம்தான். ஆனால் பதினேழாவது விளம்பரம் ஃபின்லாந்து இல்லை. நம் சென்னை, அடையாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பல்கலைக்கழகம். ஆற்றங்கரை நிலம் எப்படி மாறுகிறது என்று சாட்டிலைட் படங்களை வைத்து ஆராய முழுநேர ஆய்வாளர் தேவை, மாத உதவித்தொகை உண்டு, இடம் ஒன்றே ஒன்று. பெண்களுக்கு வயது வரம்பு முப்பத்து மூன்று. அவளுக்கு முப்பத்து மூன்று ஆக நான்கு மாதம் இருந்தது. விண்ணப்பிக்க ஒன்பது நாள்.

"இதுக்கு அப்புறம் அப்புறமே கிடையாது, தெரிஞ்சுக்கோ" என்றேன். அவள் தலையாட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அந்த ஒன்பது நாளும் ஆபீஸ் முடிந்ததும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். முதலில் எழுதிக் காட்டியது கண்றாவியாக இருந்தது. நிலைத்த வளர்ச்சி, பருவநிலை மாற்றம், செயற்கை நுண்ணறிவு என்று பெரிய பெரிய வார்த்தை. இதை வண்டலூரில் நிற்கிற ஒட்டகச்சிவிங்கிகூட எழுதும் என்றேன். கிழித்தாள். இரண்டாவதையும் கிழித்தாள். ஐந்தாவது நாள் என்னிடம் கேட்டாள், அன்று சிவப்பு போட்டாயே, அது இன்னும் இருக்கிறதா என்று.

இருந்தது. தள்ளுபடி ஆனதையெல்லாம் தனியாக ஒரு ஃபோல்டரில் வைப்பது எங்கள் வழக்கம். ஆனால் எனக்கு அதை வெளியே எடுக்க இஷ்டமில்லை. அவளுடைய அனுபவச் சான்றிதழை நான்தான் தயாரித்துக்கொண்டிருந்தேன். ஆறு வருட வேலையில் அந்த ஒரு கறையைத் தவிர வேறெதுவும் கிடையாது. நைசாக அதை விட்டுவிட்டு எழுதியிருந்தேன். இப்போது இவளே அதைத் தட்டில் வைத்து நீட்டுகிறேன் என்கிறாள். தலையில் அடித்துக்கொண்டேன். ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறவர்கள் முன்னால், படத்தில் இல்லாததை நான் வரைந்தேன் என்று எவளாவது சொல்வாளா? அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதை வெளியே எடுத்தால் அவள் தப்போடு என் தப்பும் வெளியே வரும்.

"தப்புதாங்க்கா. ஆனா எங்கிட்ட கீற கேள்வி அது ஒண்ணுதான்" என்றாள்.

பாயிடம் அனுமதி கேட்கப் போனோம், வாடிக்கையாளர் வேலையாயிற்றே என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தள்ளுபடி ஆனதை அவர்கள் வாங்கவேயில்லை, பிறகு அதற்கு யார் சொந்தக்காரர், போட்டவள் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அன்புக்கரசி அன்று ராத்திரிப் பஸ்ஸில் இரண்டு பக்கத்தையும் ஃபோனிலேயே எழுதி முடித்தாள். மறுநாள் காலை படித்தேன். ஒரு இடத்திலும் சிவப்பு போடத் தோன்றவில்லை. எரிச்சலில் ஒரு காற்புள்ளியை மாற்றினேன்.

நேர்காணலுக்கு ஏழு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளும் ஒருத்தி. நான் லீவு போட்டுவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். எதற்கு என்று கேட்டாள், சும்மா என்றேன். தாழ்வாரத்தில் மர பெஞ்ச். மற்ற ஆறு பேரும் சின்னப் பிள்ளைகள். ஒரு பையன் சிங்கப்பூரில் கட்டுரை வாசித்துவிட்டு வந்தவனாம். ஒருத்தி தன் பேப்பர் எந்த ஜர்னலில் வந்தது என்று அடுத்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்புக்கரசி பென் டிரைவை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா செண்பகம் அபிராமபுரத்தில் இரண்டு வீட்டில் வேலை செய்கிறவர். முந்தின நாள் வேலை முடிந்து திரும்பும் வழியில் கபாலி கோயில் திருநீறு வாங்கிவந்து, காலையில் பூசிவிட்டிருந்தார். அது வேர்வையில் பாதி கலைந்திருந்தது. நான் துப்பட்டாவால் மீதியைத் துடைக்கப் போனேன், அவள் விடவில்லை.

ஐந்தாவதாக உள்ளே போனாள். உள்ளே நடந்ததில் முதல் பாதியை அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பேராசிரியர் சாருலதா. அவருக்குக் கீழேதான் அந்த இடம். அன்புக்கரசி ஆங்கிலத்தில் ஆரம்பித்து, தன் பெயரையும் படிப்பையும் சொல்லி, நேராக அந்தப் படத்தைத் திரையில் போட்டாள். வெறும் மண்ணின் மேல் நாற்பத்தொரு வீடு. இது நான் செய்த தவறு என்றாள். ஓரத்தில் இருந்த ஒருவர், பார்த்ததை எழுதுவதுதான் இந்தத் துறை, பார்க்காததை எழுதுகிறவரை நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அதற்குப் பதில் சொல்லும்போது அவள் தமிழுக்கு வந்துவிட்டாள். எங்கள் தெரு இருந்த இடம் இன்றைய படத்தில் பச்சையாகத் தெரிகிறது, கரை பசுமையாகிவிட்டது என்று நாங்களே ஆபீஸில் எழுதித் தருகிறோம். அது உண்மை. எங்களைக் கொண்டுபோய் வைத்த பக்கத்தில், பழைய படத்தில் ஈரமாகத் தெரிந்த நிலம் எவ்வளவு, இப்போது அதில் கட்டடம் எவ்வளவு? மழைக்கு எங்கள் பிளாக்கைச் சுற்றி நிற்கிற தண்ணீர் முன்பு எங்கே போய் நின்றது? இங்கே பச்சை கூடியதையும் அங்கே ஈரம் குறைந்ததையும் தனித்தனியாக எழுதுகிறார்கள். நடுவில் ஆட்கள் போனார்கள், அந்த ஆட்கள்தான் இரண்டு படத்தையும் சேர்க்கிற கயிறு. இரண்டையும் ஒன்றாக வைத்து அளக்க வேண்டும், அதுதான் என் கேள்வி. இப்படிச் சொன்னாளாம். வாயைப் பிடுங்கினாலும் பேசாதவள், இவ்வளவும் சொன்னாளாம்.

சாருலதா, நீங்கள் போட்ட கட்டங்கள் கோப்பாக இருக்கிறதா, படமாக வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பென் டிரைவைக் கொடுத்தாள். திறக்கவில்லை. எங்கள் வேலையில் ஒரு கோப்பு தனியாகத் திறக்காது, கூடவே பிறந்த மூன்று நான்கு கோப்பும் பக்கத்தில் இருந்தால்தான் திறக்கும். ஆறு வருடம் இதே வேலை செய்தவள், அன்றைய பதற்றத்தில் ஒன்றை மட்டும் எடுத்துவந்திருக்கிறாள். வெளியே எங்கள் ஆபீஸ் அக்கா இருக்கிறார், அவரிடம் எல்லாம் இருக்கும் என்றாள். கதவு திறந்தது. சும்மா தூக்கிவந்த லேப்டாப்போடு நான் உள்ளே போனேன்.

கோப்புகளை அவர்கள் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தேன். திரும்பப் போகும்போது சாருலதா நிறுத்தினார். கோப்பில் இருந்த குறிப்பைப் படித்துவிட்டார் போலிருக்கிறது.

"இல்லாத வீடுகள்னு எழுதினது நீங்களா?"

"ஆமா மேடம்."

"ஏன்?"

"படத்துல வீடு இல்ல மேடம்."

"அப்போ நீங்க பண்ணது சரி."

சரி என்று வந்துவிட்டிருக்கலாம். கால் நகரவில்லை. அன்புக்கரசி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பாதித் திருநீறு ஞாபகம் வந்தது.

"சிவப்பு போட்டது சரி மேடம். ஆனா திருடிட்டேன்னு அவளைப் பதினாலு பேர் முன்னாடி சொன்னேன். அது தப்பு. அன்னைக்கே கேட்டிருக்கணும், கேக்கல" என்றேன்.

அவள் திரும்பவில்லை. அவள் கழுத்து மட்டும் கொஞ்சம் குனிந்தது. ஐந்து வருடமாக வராதது ஐந்து பேராசிரியர்கள் முன்னால்தான் வந்தது. என் ராசி அப்படி.

என்னைப் போகச் சொல்ல மறந்துவிட்டார்கள். நான் கதவோரமாக நின்றுகொண்டேன். சாருலதா அவருடைய துறையில் சேர்த்துவைத்திருந்த பழைய படங்களில் தேடினார். 2015 ஜனவரி, வெள்ளத்துக்கு முந்தைய படம் ஒன்று கிடைத்தது. அதே இடத்தைப் பெரிதாக்கினார். தகரமும் ஓடும் ஓலையும் நீலத் தார்ப்பாயுமாக ஒரு தெரு முழுசாகத் திரையில் வந்து நின்றது. அன்புக்கரசி ஒரு அடி முன்னால் போனாள். அவள் அதுவரை அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. எங்கள் ஆபீஸுக்கு வந்த எந்த வேலையிலும் அந்தத் தேதி இல்லை.

அதன் மேல் சாருலதா அவள் போட்ட கட்டங்களை வைத்தார்.

பொருந்தியது. எனக்கு இப்போது எழுதும்போதும் புல்லரிக்கிறது. ஒன்றிரண்டு மீட்டர் இப்படி அப்படி, அவ்வளவுதான். சந்து சந்தின் மேல் உட்கார்ந்தது. திருப்பம் திருப்பத்தில் உட்கார்ந்தது. பைப்படிக்கு அவள் விட்ட இடைவெளியில் பைப்படி இருந்தது. பன்னிரண்டு வருடமாகக் கோடுகளைப் பார்க்கிறேன், அளவு கருவி வைத்துக்கொண்டு போடுகிறவர்கள்கூட இப்படிப் போட்டு நான் கண்டதில்லை. இவள் ஒரு மரத்தையும் ஒரு கம்பத்தையும் ஒரு இடிந்த மதிலையும் வைத்துக்கொண்டு போட்டிருக்கிறாள். கேள்வி கேட்டவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார். சத்தமாகவே எண்ணினார். நாற்பது வரைக்கும் போனார்.

நாற்பத்தொன்றில் விரல் நின்றது. மதிலை ஒட்டிய வீடு. படத்தில் இருந்த கூரை சின்னது. அவள் போட்ட கட்டம் அதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. பக்கத்துச் சந்தையும் கொஞ்சம் தின்றிருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு, இது ஒண்ணு மட்டும் ஏம்மா இவ்வளவு பெரிசு?" என்று சாருலதா கேட்டார்.

அன்புக்கரசி திரையைப் பார்த்தாள்.

"அது எங்க வீடு மேடம்" என்றாள். "ஒம்பது பேர் இருந்தோம்."

எனக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது, அடக்கிக்கொண்டேன். சாருலதா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஆராய்ச்சியில் அதைச் சரியான அளவில் வரைய வேண்டியிருக்கும் என்று சொன்னார்.

"வரையறேன் மேடம்" என்றாள் அவள்.

ஆறு நாள் பதில் இல்லை. அந்த ஆறு நாளும் ஆபீஸில் யார் எதைக் கொண்டுவந்தாலும் நான் சிவப்பாகப் போட்டுத் தள்ளினேன். ஏழாவது நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு அவள் ஃபோனில் மெயிலைப் பார்த்தாள். ஃபோனை என் பக்கம் தள்ளினாள். அவள் பெயர்தான் இருந்தது, வேறு பெயர் இல்லை. நான் போட்ட சத்தத்தில் பாய் கனைக்காமலே ஓடிவந்துவிட்டார். பதினான்கு பேரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். அன்று இவளை நிற்க வைத்த அதே இடத்தில் நான் நின்றுகொண்டு, ஐந்து வருடத்துக்கு முன் இங்கே நான் சொன்னது தப்பு, இவள் திருடவில்லை, அது இவள் தெரு என்று சொன்னேன். அப்போது இருந்தவர்களில் நான்கு பேர்தான் மிச்சம். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் கைதட்டினார்கள். அன்புக்கரசி சோற்றுக் கையோடு அழுதாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இனிப்பு வாங்கிக்கொண்டு பெரும்பாக்கம் போனேன். செண்பகம் அம்மாவுக்குப் பி.எச்டி. என்றால் என்னவென்று நான் விளக்கப் போக, அவர் கையமர்த்தினார். அபிராமபுரத்தில் அவர் வேலை செய்கிற வீட்டு ஐயாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். அந்த வீட்டுப் பிள்ளை இரண்டு முறை எழுதிப் பார்த்தும் இப்படி ஓர் இடம் கிடைக்கவில்லையாம். இதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிறகு நான் நேர்காணல் கதையைச் சொன்னேன். நாற்பது வீடு சரி, உங்கள் வீட்டை மட்டும் உங்கள் பெண் இரண்டு மடங்காகப் போட்டுவிட்டாள் என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"இன்னா ரெண்டு மடங்கு? அவ்ளோ பெருசுதான் இருந்துச்சு. மேலேர்ந்து பாத்தா இன்னா தெரியும் அவுங்களுக்கு?"

நான் வாயை மூடிக்கொண்டு ஜாங்கிரியைச் சாப்பிட்டேன்.

சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் அவளிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. ஆராய்ச்சியின் முதல் வேலை, பழைய தெருவை 2015 படத்தின் மேல் வைத்து முறைப்படி வரைந்தது. எங்கள் ஆபீஸில் என்னிடம் சரிபார்க்கக் கொடுப்பது போலவே, பார்த்து அனுப்புக்கா என்று எழுதியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் பார்க்க ஆளில்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே திறந்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சாதாரணமாகப் பார்ப்பதைவிட அதிக நேரம் பார்த்தேன். மதிலை ஒட்டிய வீட்டைச் சரியான அளவுக்குக் குறைத்திருந்தாள். ஓர் அடிகூட மிகையில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நாற்பத்தொன்றுக்கும் பச்சை போட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில் "இருந்த வீடுகள்" என்று எழுதினேன். படம் எடுத்த தேதியை மட்டும் கோப்பில் குறிக்க மறந்திருந்தாள். அதற்கு நன்றாகத் திட்டித்தான் திருப்பி அனுப்பினேன்.